எல்லைச் சோதனை: அன்றாட ஃபோனா, தனி ஃபோனா?

அமெரிக்கா போகும்போது எந்த ஃபோனைக் கொண்டுபோவது? கைதானவரின் ஃபோனைத் துழாவவே பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லையில் மட்டும் அதிகாரிகள் வாரண்ட் இல்லாமலேயே சோதிக்கிறார்கள்.

அன்றாட ஃபோன் வசதிதான். வங்கி ஓடிபி, டிக்கெட் எல்லாம் கையிலேயே இருக்கும். ஆனால் திறந்து கொடுத்த நொடியிலிருந்து குடும்ப வாட்ஸ்அப், மருத்துவ ரிப்போர்ட், நண்பர் நம்பிச் சொன்ன ரகசியம் எல்லாம் அதிகாரியின் விரல் நுனியில். அந்த நண்பரிடம் யாருமே அனுமதி கேட்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

பயணத்துக்கென்றே வைத்திருக்கும் தனி ஃபோனில் தேவையான எண்களும் பயண ஆவணங்களும் இருந்தால் போதும். 2018-இல் வந்த விதிப்படி அதிகாரிகள் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கருவிக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும். ஆகவே கிளவுடில் மட்டும் இருப்பது தப்பிக்கும் (ஃபோனில் இறங்கிக் கிடக்கும் மின்னஞ்சல் தப்பாது). என்ன, செலவும் ஓடிபி தலைவலியும் உண்டு.

கடவுச்சொல் தர மறுத்தாலும் அமெரிக்கக் குடிமக்களை உள்ளே விட்டாக வேண்டும். ஃபோனை வேண்டுமானால் பிடித்துவைப்பார்கள். விசாவில் போகிறவரையோ திருப்பியே அனுப்பிவிடலாம். அதனால் விசாக்காரர்களுக்கு, அதிலும் பத்திரிகையாளர், வழக்கறிஞர் என்றால், தயங்காமல் தனி ஃபோனைத்தான் சொல்வேன்.