குதிகால் வலியோடு முதல் அல்ட்ரா: நீச்சல்குளமா, சைக்கிளா, நடையா?

மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ராதான். முதன்முறை இறங்குகிறவர்கள் பெரும்பாலும் 50 கிலோமீட்டரில் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். பணம் கட்டிப் பெயர் கொடுத்து, வாரத்துக்கு வாரம் தூரத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் தடித்துக்கொண்டு மக்கர் செய்வதும் இந்த வட்டாரத்தில் புதிதல்ல. ஓட முடியாது, பந்தயத்தை விடவும் மனமில்லை என்ற நிலையில் மூன்று வழிகள் இருக்கின்றன: தண்ணீருக்குள் ஓடுவது, சைக்கிள் மிதிப்பது, நடப்பது. மூன்றிலும் இறங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் நடையைப் பிடித்துக்கொண்டு பந்தயத்தை முடித்தவன் நான். ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முழு ஓய்வு என்று நான்காவது வழி ஒன்றும் உண்டு. சில வாரங்கள் சும்மா இருந்தால் வலி போய்விடும், ஓடத் தொடங்கியதும் திரும்பிவிடும். சுமையே தாங்காமல் கிடக்கும் தசைநாணுக்குச் சுமை தாங்கும் சக்தி இன்னும் குறையுமே தவிர கூடாது. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

நீச்சல்குளத்தில் ஓடுவதென்றால் நீந்துவது அல்ல. இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, கால் தரையைத் தொடாத ஆழத்தில் நிமிர்ந்து நின்றபடி ஓட்டத்தின் அசைவுகளை அப்படியே செய்வது. பாதம் தரையில் மோதும் அதிர்வு என்பதே கிடையாது. தண்ணீருக்குள் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், கைக்கடிகாரத்தை நம்பாமல் மூச்சு வாங்குவதை வைத்து வேகத்தை முடிவு செய்ய வேண்டும். பட்டையைத் தளர்வாகக் கட்டினால் ஐந்து நிமிடத்தில் விலா எலும்புவரை ஏறி வந்து அக்குளை அறுக்கும். இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டும். அந்த நடு நிலையைக் கண்டுபிடிப்பதே ஒரு பயிற்சிதான். நம் ஊர்க் குளங்களில் மணிக்கணக்கு வைத்து உள்ளே விடுகிறார்கள். ஆழப் பகுதியில் ஓர் ஆள் நீந்தாமல் நின்ற இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டிருந்தால், காவலுக்கு இருப்பவர் இரண்டு முறையாவது வந்து விசாரிப்பார். சலிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஒன்று: உங்கள் வலி எலும்பில் இருந்தால், அதாவது முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் விரலை வைத்தால் சுரீர் என்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பு விரிசலுக்கு நடையும் சுமைதான். அங்கே குளத்துக்குப் போட்டியே இல்லை.

சைக்கிள் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் பார்த்தால், அந்தக் கூட்டத்தில் காயம்பட்ட ஓட்டக்காரர்களும் கலந்திருப்பார்கள். மூச்சுத்திறன் குறையாமல் பார்த்துக்கொள்ள இதைவிட இன்பமான வழி இல்லை. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிடலாம். இருக்கையின் உயரத்தை மட்டும் சரியாக வைக்க வேண்டும். அதிக உயரமானால் முழங்காலின் வெளிப்பக்கம் உரச ஆரம்பிக்கும், பிறகு ஒரு வலிக்கு இரண்டு வலி. அக்கிலிஸ் வலி உள்ளவர்கள் பெடலை விரல் பக்கமாக மிதிக்காமல் பாதத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தால் தசைநாணின் மேல் இழுப்பு குறையும்.

குறை எங்கே என்றால், சைக்கிள் காலுக்குப் பந்தயத்தைக் கற்றுத் தருவதில்லை. மலை இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வேலை பெடலில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எத்தனை மணி நேரம் மிதித்தாலும் பாதத்தின் தோல் கெட்டிப்படாது, விரல் நகம் ஷூவின் முனையில் இடிக்கிறதா என்பதும் தெரியாது. முதல் அல்ட்ராவில் 35ஆவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பாருங்கள். மூச்சு போதாமல் உட்கார்ந்தவர்கள் குறைவு. கால் ஒத்துழைக்காமல் உட்கார்ந்தவர்களே அதிகம்.

இனி நடை. நான் ஓடியது மலைப்பாதைப் பந்தயம், காலக்கெடு பத்து மணி நேரம். 50 கிலோமீட்டருக்குப் பத்து மணி என்றால் மணிக்கு 5 கிலோமீட்டர். இது ஓட்ட வேகமே அல்ல. கொஞ்சம் விறுவிறுப்பாக, மணிக்கு 6 என்று நடந்தால் எட்டு மணி இருபது நிமிடத்தில் முடியும். ஏற்றங்களில் அந்த வேகம் வராது, தண்ணீர்ப் பந்தல்களிலும் நேரம் போகும் என்பது சரி. ஆனால் முதன்முறை ஓடுகிறவர் எவரும் ஏற்றங்களை ஓடிக் கடப்பதில்லை, அனுபவசாலிகளும் செங்குத்தான இடங்களில் நடக்கத்தான் செய்கிறார்கள். அப்படியானால் காயத்தின்போது பழகும் நடை, வேறு வழியில்லாமல் செய்யும் மாற்று வேலை அல்ல. பந்தய நாளில் பாதித் தூரத்துக்கு அதையேதான் செய்யப் போகிறோம். குளமும் சைக்கிளும் தோற்பது இந்த இடத்தில்தான். அவை ஓட்டத்துக்குப் பதிலாகச் செய்பவை. நடையோ பந்தயத்தின் ஒரு பகுதி.

அடுத்தது சுமைக் கணக்கு. ஓடும்போது தரை நம்மைத் திருப்பித் தாக்கும் விசை உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு; நடக்கும்போது எடையைவிடச் சற்றே அதிகம். தசைநாணுக்குச் சுமை வேண்டும், ஆனால் தாங்குகிற அளவு வேண்டும். அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி நடையில் இருக்கிறது: சமதளம், பிறகு மேம்பாலச் சரிவு, பிறகு படிகள், பிறகு முதுகில் பை.

எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு நல்ல விதி ஒன்று உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த சில்பர்னாகல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2007இல் அக்கிலிஸ் நோயாளிகளிடம் சோதித்தது அது. பயிற்சி செய்கிறபோது வலி பத்துக்கு ஐந்து வரை இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது. என் பிசியோதெரபிஸ்ட் இதையே வேறு மாதிரிச் சொன்னார்: "நடக்கலாமா, ஓடலாமா என்று என்னைக் கேட்காதீர்கள் சார். காலையில் எழுந்ததும் உங்கள் குதிகாலைக் கேளுங்கள்." கட்டிலிலிருந்து குளியலறைவரை எத்தனை அடிக்கு நொண்டுகிறேன் என்பதே என் அளவுகோலாயிற்று. நான்கைந்து அடியில் இளகிவிட்டால் அன்றைக்குப் படி உண்டு. வாசல்வரை நொண்டினால் சமதளம் மட்டும்.

படிகளுக்கு நம் ஊரில் பஞ்சமா? பரங்கிமலையில் தொடங்கினேன், திருக்கழுக்குன்றத்துக்கு மாறினேன். கோயில் படிகள் அகலமானவை, பாதம் முழுவதும் பதியும். அடுக்குமாடி வீட்டுப் படிகளில் குதிகால் பாதி வெளியே தொங்கும், ஒவ்வோர் அடிக்கும் தசைநாண் இழுபடும். ஏற்றம் நல்லது என்று அங்கே ஏறி வலியைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. நீண்ட நேரம் காலில் நிற்பதற்குத் திருவண்ணாமலை கிரிவலம் இருக்கிறது: 14 கிலோமீட்டர், சமமான பாதை, வழிநெடுக இளநீர். பௌர்ணமியைத் தவிர்த்துவிட்டுப் போனால் கூட்டமும் இல்லை. வெறுங்காலோடு சுற்றுவதே வழக்கம் என்றாலும், குதிகால் சற்று உயர்ந்த ஷூ தசைநாணின் இழுப்பைக் குறைக்கும் என்பதால் நான் ஷூவோடுதான் சுற்றினேன். அண்ணாமலையார் பொறுத்துக்கொள்வார்.

நடை மட்டும் தசைநாணைக் குணமாக்கிவிடாது. 1998இல் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் வெளியிட்ட குதிகால் இறக்கும் பயிற்சியைக் கூடவே செய்ய வேண்டும். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் ஏறி, வலிக்கிற காலால் மெல்ல இறங்குவது. முழங்கால் நீட்டி 15 வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். எளிதானதும் முதுகுப்பையில் எடை சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து கிலோ பொன்னி அரிசி அதற்குப் பயன்பட்டது. வலி தசைநாணின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் இருந்தால் தரை மட்டத்துக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையிலேயே செய்ய வேண்டும். அங்கு ஏற்றமும் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட தூரம் போவது வேறு கதை: ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக் கூடியவை. காலை வேளை விதியையும் அவை பொய்யாக்கிவிடும்.

நடையின் உண்மையான குறை நேரம். சைக்கிளில் ஒரு மணியில் கிடைக்கிற மூச்சுப் பயிற்சிக்கு இங்கே மூன்று மணி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் போய்விடும், வீட்டில் முகம் சுளிப்பார்கள். வார நாட்களில் நேரமில்லாதவர்கள் இரண்டு நாள் சைக்கிளைச் சேர்த்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. நானும் மழை நாட்களில் அதைத்தான் செய்தேன். முழங்கால் காயங்களில் என் அனுபவம் குறைவு. அங்கே இறக்கம்தான் எதிரி என்பதால் நடையின் கணக்கு மாறலாம். நூறு கிலோமீட்டர் பந்தயத்துக்கும் இது பொருந்துமா என்பதை அதை ஓடியவர்களிடம் கேளுங்கள்.

காலை நொண்டல் நின்று சில வாரங்கள் கழித்து, ஜெஃப் காலவேயின் ஓட்டம்-நடை முறைக்குப் போனேன். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் அவர். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று தொடங்கி, பந்தய நாளுக்குள் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்ற அளவுக்கு வந்தேன். அதற்கு மேல் கூட்டவில்லை. ஏற்றம் முழுவதும் நடை, சமதளத்தில் இரண்டுக்கு இரண்டு, இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக ஓட்டம். காலக்கெடுவுக்குள் முடிக்க அது போதுமானதாக இருந்தது.