நாயோடு முகாம்: கூடாரம், கேரவன், கேம்பர்வேன் – எது தேறும்?

நாயையும் கூட்டிக்கொண்டு வெளியில் நாலு நாள் தங்கிவர நினைப்பவர்கள் முதலில் கேட்பது “இடம் போதுமா?” என்றுதான். நாய்க்கு இடம் ஒரு பொருட்டே இல்லை. கூடம் முழுவதும் காலியாகக் கிடக்க, மேசைக்கடியில் போய்ச் சுருண்டு படுக்கும் பிராணி அது. கேட்க வேண்டியது வேறு. நீங்கள் குளிக்கப் போகும் அரை மணி நேரம், பால் வாங்கப் போகும் முக்கால் மணி நேரம், அது எங்கே இருக்கும்? இதை மட்டும் வைத்து அலசினாலே பாதி முடிவு வந்துவிடும்.

உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவன் (இழுத்துச் செல்லும் சக்கர வீடு) என்று பொதுவாகச் சொல்லப்படும் ‘வாண்டரர்’, 1885-ல் பிரிட்டனில் உருவானது. அதைச் செய்யச் சொன்ன கடற்படை மருத்துவர் கார்டன் ஸ்டேபிள்ஸ், இரண்டு குதிரைகள் இழுக்க அதில் ஊர்சுற்றியபோது ஒரு நியூஃபவுண்ட்லாந்து நாயும் ஒரு கொண்டைக்கிளியும் கூடவே போயின. கேரவன் என்ற ஒன்று வந்த நாளிலிருந்தே அதற்குள் நாயும் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவருடன் வண்டியோட்டியும் ஒரு வேலையாளும் இருந்தார்கள். நாய்க்கு எப்போதும் யாராவது ஒரு ஆள் துணைக்கு இருந்திருப்பார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

முதலில் கூடாரம். நாயின் பக்கமிருந்து பார்த்தால் இதுதான் சொர்க்கம். மண் வாசனை, புல், எல்லோரும் ஒரே தரையில் ஒட்டிப் படுக்கும் சுகம். வீட்டில் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தவர்கள் இங்கே தன் மட்டத்துக்கு இறங்கி வந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும்.

சிக்கல் இருட்டியபின் தொடங்கும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய்க்கு 45,000 வரை கேட்கும். நடுவில் இருப்பதோ ஒரு துணி. பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் ஜிப்பைத் திறந்தாலும், புதரில் எலி ஓடினாலும், நம் தலைமாட்டில் ஒரு உறுமல். எங்கள் நாய் மணியோடு போன முதல் இரவு நான் தூங்கியது மொத்தமே இரண்டு மணி நேரம் இருக்கும். விடிகாலையில் யாரோ டார்ச்சோடு கழிப்பறைக்குப் போனார்கள். அந்த வெளிச்சத்தைப் பிடிக்க மணி கொசுவலைக் கதவைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. மெல்லிய வலை நகத்துக்குத் தாங்காது என்பது கூடாரம் வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம். மறு இரவு அதன் படுக்கையைக் கதவுப் பக்கத்திலிருந்து மாற்றி, எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டதும் குரைப்பு பாதியாகக் குறைந்தது. காவல் காக்கும் இடத்திலிருந்து அதை நகர்த்தியதுதான் வைத்தியம்.

தரைக் குளிரையும் மறந்துவிடக் கூடாது. ரோமம் குட்டையாக உள்ள நாய், மூட்டு வலி உள்ள கிழ நாய் இவற்றுக்குப் போர்வையைவிட அடியில் போடும் ஃபோம் பாய்தான் முக்கியம். சூட்டை உறிஞ்சுவது தரை. குளிர்கிறதே என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாயின் மூக்கும் எச்சரிக்காது. ஆளும் நாயும் சேர்ந்தே எழுந்திருக்காமல் போவார்கள்.

இனி அந்தத் தனிமைக் கேள்வி. இதில் கூடாரம் சுத்தமாகத் தோற்றுவிடுகிறது. அதற்குப் பூட்டு கிடையாது. ஜிப்பை மூக்கால் நெம்பித் திறக்க நாய்க்குப் பத்து நிமிடம் போதும். வெயில் ஏறினால் மூடிய கூடாரம் வேகவைக்கும் பாத்திரம். வெளியே முளையடித்துக் கட்டினால், கூடாரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் கயிறுகளில் சுற்றிக்கொண்டு காலை முறித்துக்கொள்ளும். பெரியவர்கள் இருவர் போனால் ஒருவர் மாற்றி ஒருவர் காவலிருக்கலாம். தனி ஆள் என்றால், குளியலறை வாசல்வரை நாயும் வரும்.

காரின் கூரைமேல் விரியும் டென்டைப் பற்றி ஒரு வரி போதும்: அதற்கு ஏணி உண்டு. முப்பது கிலோ நாயைத் தோளில் போட்டு இரவு இரண்டு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். சிறு நாய் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

கேரவனுக்கு வருவோம். கெட்டியான சுவர் என்பதால் இரவுச் சத்தம் மட்டுப்படுகிறது, மழை பெய்தாலும் நாய் உலர்ந்து கிடக்கிறது. இதில் முதல் தவறு ஓடும்போதே நடக்கிறது. “பின்னால்தான் வீடே வருகிறதே, நாய் அதிலேயே படுத்து வரட்டும்” என்று தோன்றும். கூடவே கூடாது. இழுத்துச் செல்லப்படும் கேரவன் வால் ஆட்டுவதுபோல் ஆடும். அலமாரிக் கதவு திறந்து பாத்திரம் தலையில் விழும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. நாய் காரில்தான் வர வேண்டும், அதுவும் சீட் பெல்ட்டோடு மாட்டும் ஹார்னெஸ் என்ற மார்புப் பட்டையிலோ, நகராமல் கட்டிவைத்த கூண்டிலோ. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் மோதி நின்றால், கட்டாத நாய் அதே வேகத்தில் முன்னால் பறக்கும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுந்தால் என்ன வேகமோ அந்த வேகம். அது போய் மோதுவது பெரும்பாலும் நம் பிடரியில். சீட் பெல்ட்டைக் கழுத்துப் பட்டையோடு மாட்டாமல் மார்புப் பட்டையோடு மாட்டுவதும் இதனால்தான்.

கேரவனின் பெரிய லாபம், போய்ச் சேர்ந்ததும் கழற்றி வைத்துவிடலாம்; கார் தனியாகக் கிடைக்கிறது. பால் வாங்கப் போகும்போது நாயையும் ஏற்றிக்கொள்ளலாம், ஒருவர் காரிலேயே அதோடு இருக்கலாம். அல்லது நாயைக் கேரவனில் விட்டுப் போகலாம். குளிர்ந்த நாளில், திரைகளை இழுத்துவிட்டு, பழக்கப்பட்ட நாயை ஒரு மணி நேரம் விடுவதில் தப்பில்லை. வெயில் நாளில் அந்தப் பேச்சே வேண்டாம். நிறுத்திவைத்த கார்களை வைத்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த நாட்களில், ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே சராசரியாக 22 டிகிரி கூடியதைக் கண்டது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பயன் இல்லை. கேரவன் பெரிய பெட்டி என்பதால் கொஞ்சம் தாமதமாகலாம்; போகும் திசை அதேதான். நாயின் இயல்பான உடல் சூடு 38, 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காமல், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. மூடிய அறையில் அந்த மூச்சின் ஈரமே காற்றை நிறைத்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

“ஏசி ஓடுமே” என்பார்கள். முகாம் தளத்து மின் இணைப்பில் ஏசியும் கெட்டிலும் சேர்ந்து ஓடினாலே பிரேக்கர் விழுந்துவிடும். விழுந்ததை மறுபடி தூக்கிவிட நாய்க்குத் தெரியாது.

சேறு விஷயத்தில் கேரவன்காரர்கள் பொறுமைசாலிகளாக இருந்தே ஆக வேண்டும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் வாலைக் குழைத்துக்கொண்டு வெளியேதான் போகும் என்ற பழமொழியை எழுதியவர் நிச்சயம் ஒரு மழை வாரத்தைக் கேரவனில் கழித்திருக்க வேண்டும். நனைந்த நாய் ஒன்று உள்ளே படுத்தால் காலையில் ஜன்னலெல்லாம் நீர் வழியும். மெத்தை உறைகளில் அந்த வாடை மாதக்கணக்கில் நிற்கும். கேரவனோடு ஒட்டிப் போடும் பந்தலை ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். நாய் வைத்திருப்பவருக்கு அதுதான் திண்ணை. துண்டு, தண்ணீர்க் கிண்ணம், சேற்றுக் கால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

கேம்பர்வேனில் வண்டியும் வீடும் ஒன்று. நாய் பயணம் செய்த மூலையிலேயே இரவிலும் தூங்குகிறது. ஒவ்வொரு ஊரிலும் புதிதாக மோந்து பார்த்துப் பழக வேண்டியதில்லை. தினம் ஒரு இடம் என்று போகிறவர்களுக்கு, அதுவும் புது இடம் என்றாலே சோறு தின்ன மறுக்கும் நாய்க்கு, இதற்கு ஈடில்லை. ஆனால் பால் வாங்கக் கிளம்பினாலும் வீடே கிளம்ப வேண்டும். போய் நிறுத்தும் இடம் வெயிலில் காயும் வாகன நிறுத்தமாகத்தான் இருக்கும். கேரவனில் இல்லாத பெரிய முன்கண்ணாடி வேறு வெயிலை அப்படியே உள்ளே அள்ளிப் போடும். வெப்பம் தடுக்கும் திரை உதவும்தான், நிழலில் நிறுத்தலாம்தான், ஆனால் நிழல் நகரும். சூடு ஏறினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகளும் இருக்கின்றன. வண்டியிலும் உங்கள் கையிலும் சிக்னல் இருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் ஓடிவரும் தூரத்தில் நீங்களும் இருக்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்றால் நாயையும் கூட்டிப் போயிருக்கலாமே.

நாலாவது ஒன்றும் இருக்கிறது, யாரும் ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை: தெரிந்தவரிடம் விட்டுப் போவது. இடிக்கு நடுங்கும் நாய், பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய் கோடையில், தடுப்பூசி முடியாத குட்டி, பருவத்தில் இருக்கும் பெட்டை – இவற்றுக்கு இதுதான் முதல் இடம். பிரிவு நமக்குத்தான் அதிகம் வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

எதில் போனாலும் உண்ணி வரும். உயரப் புல்லில் நடந்து வந்த ஒவ்வொரு மாலையும் காது மடல், அக்குள், விரலிடுக்கு, வாலடி எல்லாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி கடித்தபின் சில கிருமிகள் நாயின் உடம்பில் ஏற ஒரு நாளுக்கு மேல் ஆகும், சில கிருமிகளுக்குச் சில மணி நேரமே போதும். ஆகவே ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. மெல்லிய நுனியுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். நாட்டு எல்லை தாண்டிப் போவதாக இருந்தால், அடையாளத்துக்காக நாயின் தோலுக்கடியில் பொருத்தும் சிப்பும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கடைசி வாரத்து வேலை இல்லை. பல நாடுகள் முதல் ஊசிக்குப் பிறகு 21 நாள் கழிந்திருக்க வேண்டும் என்கின்றன, சிப் அதற்கு முன்பே பொருத்தியிருக்க வேண்டும்.

என் கணக்கில், இருவர் போகும் குளிர்காலப் பயணம், அமைதியான நாய் என்றால் கூடாரமே போதும். ஒரே இடத்தில் ஒரு வாரம் என்றால் கேரவன். தினம் ஓடிக்கொண்டே இருப்பவர்கள், நாயை விட்டு எங்கும் போகாதவர்கள் என்றால் கேம்பர்வேன். எதையும் வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இரவு போட்டுப் படுங்கள். காலையில் வெயில் ஏறும் முன், பழைய கைபேசி ஒன்றில் ஒலிப்பதிவைப் போட்டு உள்ளே வைத்துவிட்டு, நாயை விட்டு இருபது நிமிடம் கண்ணில் படாமல், கூப்பிடு தூரத்தில் இருங்கள். பிறகு கேட்டுப் பாருங்கள். நீளமான ஒரு பெருமூச்சும் அதன்பின் குறட்டையும் கேட்டால் கிளம்பலாம். மணியின் முதல் பதிவில் நாலாவது நிமிடமே ஊளை தொடங்கிவிட்டது.