பூமிப் படத்துக்குள் ஒரு மூன்று

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ரூபாய் விலை வந்தது 2015 நவம்பரில். அதற்கு முன்னால் எல்லாம் டாலர்தான். சிம்மக்கல்லில் எங்கள் தெருவில் வெளிநாட்டுக் கடைகளுக்கும் செல்லுபடியாகும் கார்டு வைத்திருந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர்தான். "கேமுக்கெல்லாமா காசு கொடுப்பாங்க?" என்று அவர் கேட்பதற்குப் பயந்தே பல கேம்களை வாங்காமல் விட்டேன்.

ரூபாய் வந்த பிறகு கதை மாறியது. அமெரிக்காவில் 14.99 டாலர் போட்டிருந்த ஸ்டார்ட்யூ வேலி இங்கே ஐநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. 2016-ல் வெளியான அந்த கேமுக்கு அப்புறம் வந்த பெரிய அப்டேட்களும் இலவசம்தான். நான் கேமுக்குச் செலவழித்ததில் உருப்படியான காசு என்றால் அதுதான்.

டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோல் பக்கம் இந்தத் தாராளம் கிடையாது. 2020 வாக்கில் பெரிய கேம்கள் அங்கே 69.99 டாலர் ஆனபோது இங்கே 4,999 ரூபாய். அன்றைய டாலர் மதிப்புக்கு ஏறக்குறைய அதே காசு. அதனால் நான் டிஸ்க் ஆள். ஆடி முடித்து விற்றால் பாதியாவது தேறும்.

அந்தப் புத்திசாலித்தனம்தான் ஒரு தீபாவளிக்குக் காலை வாரியது. சிங்கப்பூர் சித்தப்பா ஒரு டிஸ்க் கொண்டுவந்தார். அருமையாக ஓடியது. கதை முடிந்த ஜோரில் அதன் கூடுதல் பாகத்தை என் இந்தியக் கணக்கில் 1,300 சொச்சம் கொடுத்து வாங்கினேன். டவுன்லோடு ஆனது, மெனுவில் மட்டும் வரவே இல்லை. மூன்று நாள் அழிப்பதும் ஏற்றுவதுமாகப் போனது.

கடைசியில் டவுன்ஹால் ரோட்டில் பழைய டிஸ்க் வாங்கி விற்கும் அண்ணன் உறையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்க ஓரத்தில் குட்டியாக ஒரு பூமிப் படம், அதற்குள் 3.

"இது ஆசியா டிஸ்க், தம்பி. நம்ம ஊர் ஸ்டோர் ஐரோப்பாவோட சேர்த்தி, அதுக்கு 2. டிஸ்க் எங்க வேணாலும் ஓடும், ஆனா மேல வாங்குறது ஒட்டாது."

கஸ்டமர் கேரில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டவுன்லோடு தொடங்கிவிட்டதால் முடியாதாம். வாங்கும்போது ஒரு வரி எச்சரித்திருக்கலாம்.

இப்போதெல்லாம் கூடுதல் பாகம் வேண்டும் என்று தோன்றினால் கணினியில்தான் வாங்குகிறேன். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், அடிப்படை கேமை அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பொதுவாகப் பணம் திரும்பி வரும். அதிலும் அவசரப்படுவதில்லை. தள்ளுபடிக் காலத்தில் எல்லாம் சேர்ந்த முழுப் பதிப்பு தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக வந்த தடவைகள் நிறைய.

நண்பன் ஒருவன் இன்னும் குறுக்கே போனான். துருக்கியில் இருப்பதாகக் கணக்கு வைத்துக் கொள்ளை மலிவில் வாங்கினான். 2023 நவம்பரில் துருக்கிக்கும் அர்ஜென்டினாவுக்கும் உள்ளூர்ப் பண விலையை நிறுத்தி ஸ்டீம் டாலருக்கு மாற்றியது. பணத்தின் மதிப்பு நிலையில்லாமல் ஆடியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. இவன் இந்திய விலைக்குத் திரும்பிவிட்டான். அங்கேயே சம்பாதித்து அங்கேயே ஆடுகிறவன் எங்கே திரும்புவான்?

போன மாதம் சித்தப்பா கூப்பிட்டார். "ஊருக்கு வர்றேன்டா. இந்தத் தடவை எந்த டிஸ்க் வேணும்?"

"கோடாலித் தைலம் மட்டும் வாங்கிட்டு வாங்க சித்தப்பா."