பழைய ஃபிரிட்ஜா, பெட்டி ஃப்ரீசரா? வீட்டு டிராஃப்ட் பீருக்கு எது தோது

வீட்டிலேயே கெக் (பீர் நிரப்பும் உலோக உருளைப் பாத்திரம்) வைத்து, டேப்பைத் திருப்பிப் பீர் பிடிக்க வேண்டும் என்று இறங்குபவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். ஓரமாகக் கிடக்கும் பழைய நிற்கும் ஃபிரிட்ஜை மாற்றுவதா, மேலே மூடி திறக்கும் பெட்டி ஃப்ரீசரைப் பிடிப்பதா? இரண்டையும் செய்து, இரண்டிலும் பல மாதங்கள் பீர் ஊற்றியிருக்கிறேன். ஒன்று, இரண்டு கெக் போதும் என்றால் ஃபிரிட்ஜ்தான். நான்கைத் தொட்டால் ஃப்ரீசர். மூன்று கெக் என்பவர்களுக்குத்தான் யோசிக்க வேலை இருக்கிறது.

முதலில் அளவு. வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் 19 லிட்டர் கெக், குழாய் இணைப்பி மாட்டும் முறையை வைத்து இரண்டு வகை. பால் லாக் கெக் ஒல்லியாக, ஏறக்குறைய 22 செ.மீ. அகலமும் 63 செ.மீ. உயரமும் இருக்கும். பின் லாக் கெக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் பருமன். இதற்கு மேல் இணைப்பிகளுக்கும் குழாய் வளையவும் இடம் விட வேண்டும். ஃபிரிட்ஜின் அடியில் பின்பக்கம் கம்ப்ரஸருக்காக ஒரு மேடு இருக்கும். தரையின் பாதியை அதுவே தின்றுவிடும். கதவின் உள்பக்கத் தட்டுகளும் கெக்கை இடிக்கும். அவற்றைக் கழற்றிவிட்டுத் தட்டையான பிளாஸ்டிக் பலகை அடிப்பதுதான் வழி. அட்டையை கெக் அளவுக்குச் சுருட்டி உள்ளே நிறுத்தி, கதவை மூடிப் பாருங்கள். அளவு நாடாவைவிட நம்ப வேண்டியது அந்த அட்டையைத்தான்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் உயரம் பற்றவில்லை என்று மேலே உள்ள ஐஸ் பெட்டித் தகட்டை வளைக்கும் ஆசை வரும். வேண்டாம். குளிர்வாயு ஓடும் குழாய் அந்தத் தகட்டிலேயே இருக்கிறது. விரிசல் விட்டால் ஃபிரிட்ஜ் அதோடு முடிந்தது.

ஃப்ரீசரில் இந்தத் தொல்லை குறைவு. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் மரச்சட்டம் ஒன்றைச் சுற்றிலும் பொருத்தினால் உயரமும் கூடும், டேப் மாட்டவும் இடம் கிடைக்கும். ஆனால் நிறைந்த கெக் ஒன்று 23 கிலோ அளவுக்கு வரும். ஃபிரிட்ஜில் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி உள்ளே தள்ளினால் போதும். ஃப்ரீசரில் அதை இடுப்புக்கு மேல் தூக்கி, விளிம்பைத் தாண்டி, குனிந்து மெதுவாக இறக்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபிரிட்ஜைத் தேர்ந்தெடுக்கலாம்.

துளை போடும் வேலையில் ஃபிரிட்ஜ் ரொம்பப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. கதவு வரைக்கும்தான் அது சரி. கதவுக்குள் பொதுவாகக் குளிர்வாயுக் குழாய் இருக்காது; தண்ணீர், ஐஸ் தரும் வசதி இருந்தால் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடலாம். பக்கச் சுவர்கள் அப்படியல்ல. பல மாடல்களில் வெப்பம் வெளியேற்றும் குழாய் சுவருக்குள்ளேயே போகும். புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன். அது தீப்பற்றக் கூடியது, அதனால் குத்துமதிப்பாக ட்ரில் வைக்கக் கூடாது. சோளமாவை ஆல்கஹாலில் குழைத்துச் சுவரில் பூசி, கம்ப்ரஸரை ஓடவிட்டால் குழாய் போகும் தடத்தில் மட்டும் சீக்கிரம் காயும். இது நல்ல பழைய உத்தி, ஆனாலும் என் துளைகளை நான் கதவிலேயே வைத்துக்கொண்டேன். ஃப்ரீசரின் உடம்பில் எங்கும் துளையிடக் கூடாது; எல்லாம் மரச்சட்டத்தில்தான்.

குளிர் விஷயத்துக்கு வருவோம். பீருக்கு வேண்டியது 3, 4 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட் அதற்காகவே செய்தது. ஃப்ரீசர் மைனஸ் 18-ஐ நோக்கி ஓடும். ஆனால் சாதாரண பீர் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். ஆகவே ஃப்ரீசருக்கு வெளியே மாட்டும் வெப்பநிலைக் கன்ட்ரோலர் கட்டாயம். அதன் சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் கெக்கின் உடம்பில் ஒட்டி, மேலே ஒரு ஸ்பாஞ்சை வைத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் துடித்து எழும். அப்புறம் ஈரம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ் தன் ஈரத்தைத் தானே வடித்துவிடும். ஃப்ரீசரில் அது அடியில் தேங்கி, பூஞ்சையும் துருவும் வரும். ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றும், காற்றைக் கலக்கச் சின்ன ஃபேன் ஒன்றும் இல்லாமல் ஃப்ரீசர் ஏற்பாடு முழுமை ஆகாது.

நுரைதான் பலரை வெறுக்க வைக்கும் பிரச்சினை. என் முதல் ஃபிரிட்ஜில் கெக்கிலிருந்து டேப்புக்குப் போகும் குழாய் அழகாகத் தெரியட்டும் என்று ஒன்றரை மீட்டர்தான் விட்டேன். கிளாஸ் முழுக்க நுரை. பீரைத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் ரெகுலேட்டரில் அழுத்தத்தைக் குறைத்தேன்; நுரை அடங்கியது, ஆனால் சில நாளில் பீர் சப்பென்று ஆகிவிட்டது. அழுத்தத்தை வெப்பநிலையும் பீரில் வேண்டிய வாயு அளவும்தான் முடிவு செய்கின்றன, நாம் மாற்ற வேண்டியது குழாயின் நீளம். 12 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அழுத்தத்துக்கு, உள்விட்டம் 4.8 மி.மீ. உள்ள குழாய் 3 மீட்டர் போட்டதும் சரியானது. இந்தக் கணக்கு இரண்டு ஏற்பாட்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் டேப்பில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் டேப்பின் பின்புறம் குளிரிலேயே இருக்கும். ஃப்ரீசரின் மரச்சட்டம் மேலே இருப்பதால் அங்கே காற்று கொஞ்சம் சூடு. ஃபேன் இல்லை என்றால் முதல் கிளாஸ் நுரைக்கும். சின்ன ஃபிரிட்ஜின் தலையில் கோபுரம் வைத்து டேப் மாட்டுவதிலும் இதே சிக்கல், இன்னும் அதிகமாக.

வாயுவைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். கசிந்தால் ஃபிரிட்ஜில் கதவைத் திறந்ததும் தரையில் கொட்டிப் போகும். ஃப்ரீசரிலோ தொட்டியில் தண்ணீர் மாதிரி நிற்கும். எந்த ஏற்பாடானாலும் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். ஃப்ரீசர் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறந்த உடனே தலையை உள்ளே விட்டுக் குனிய வேண்டாம். இணைப்புகளை மாதம் ஒரு தடவை சோப்பு நீர் தடவிப் பாருங்கள். சிலிண்டரைக் குளிருக்குள் வைத்தால் அதன் அழுத்த மீட்டர் 57 பார் அளவிலிருந்து 39 பக்கம் இறங்கும். அது கசிவு அல்ல, குளிரின் வேலை.

பழைய ஃபிரிட்ஜ் தோற்கும் இடம் ஒன்று உண்டு: கதவின் ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வந்தால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ரப்பரை மாற்றலாம். கம்ப்ரஸரே நாள் முழுக்கக் கொதிக்கிறது என்றால் அந்த ஃபிரிட்ஜில் துளை போடாதீர்கள், ஃப்ரீசருக்குப் போய்விடுங்கள்.

ஃபிரிட்ஜ் என்று முடிவானாலும் முதல் மாதம் துளை வேண்டாம். கெக்கையும் சிலிண்டரையும் உள்ளே வைத்து, கையில் பிடித்து ஊற்றும் சின்ன பிளாஸ்டிக் பீர் டேப்பைக் குழாயில் செருகி ஊற்றிப் பாருங்கள். குளிர் நிற்கிறதா, நுரை அடங்குகிறதா, இடம் பற்றுகிறதா என்று எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு கதவில் 22 மி.மீ. துளை.