ஸ்லைஸ் நிற்க கிரிப்பை மாற்றுவதா, ஸ்விங் பாதையை மாற்றுவதா?

கோல்ஃபில் டிரைவர் என்ற, தூரம் அடிக்கும் கிளப்பால் (மட்டையால்) அடித்த பந்து நேராகத்தான் கிளம்பும். நூறு கெஜம் தாண்டியதும் வலது பக்கம் வளைய ஆரம்பித்து, மரத்தடியில் போய் விழும். வாரம் ஒரு முறை ஆடுகிற வலது கைக்காரர்களில் நிறையப் பேருக்கு இந்த ஸ்லைஸ்தான் தீராத தலைவலி. இதற்கு இரண்டு வைத்தியம் சொல்வார்கள். ஒன்று கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தை மாற்றுவது, இன்னொன்று கிளப் பந்துக்கு வந்து சேரும் பாதையை மாற்றுவது. நான் முதலில் பாதையோடு நான்கு மாதம் போராடினேன். அப்புறம் கிரிப்புக்கு வந்தேன். ஒன்றரை வருடமாக அதில்தான் இருக்கிறேன். என் ஓட்டு கிரிப்புக்கு.

கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய அரை மில்லி விநாடி. அந்த நேரத்தில் கிளப் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கம், எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பந்து பெரும்பாலும் அந்தப் பக்கமே கிளம்பும். டிரைவரில் சுமார் 85 சதவீதம், அயர்ன் என்ற உலோகத் தகட்டுத் தலை கிளப்பில் சுமார் 75 சதவீதம் முகத்தின் வேலை. பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. கிளப் வெளியிலிருந்து உள்ளே, அதாவது இடது பக்கமாக இழுத்துக்கொண்டு வர, முகம் அதைவிட வலது பக்கம் திறந்திருந்தால் ஸ்லைஸ். பந்து பாதையில் கிளம்பி முகம் பார்க்கும் பக்கம் போய் முடியும் என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். டிராக்மேன் போன்ற ராடார் கருவிகள் வந்த பிறகு அந்தப் பாடம் மாறியது. ஆக, வித்தியாசத்தைக் குறைக்க முகத்தை மூடலாம், இல்லை பாதையைத் திருப்பலாம்.

பாதையைத் திருப்பச் சொல்லித்தரும் பயிற்சிகளில் குறையே கிடையாது. பந்துக்கு வெளிப்பக்கம் டிரைவர் உறையை வைத்து, அதைத் தட்டாமல் அடிக்க வேண்டும். வலது முழங்கை விலாவை ஒட்டி இறங்க வேண்டும். தோள் திரும்புவதற்கு முன்னால் இடுப்பு இடது காலுக்கு நகர வேண்டும். எல்லாமே சரியான அறிவுரைதான். ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், அறுபது பந்து அடித்தால் கடைசி இருபது அழகாகப் போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்), பின்னால் மூன்று பேர் காத்து நிற்கும்போது, பழைய ஸ்விங் தானாக வந்துவிடும். மேலிருந்து கிளப் பந்துக்கு இறங்க ஏறத்தாழ கால் விநாடிதான் ஆகிறது. அதற்குள் இடுப்புக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்று கட்டளை போட யாராலும் முடியாது. உடம்பு அதைப் பழகியிருக்க வேண்டும். பழக்கத்துக்கு எண்ணிக்கை வேண்டும்.

சென்னை நந்தனம் மைதானத்தில் ஒரு நாள் ஐந்தாவது டீயில் நின்றபோது, எனக்கு வழக்கமாகக் கிளப் பையைத் தூக்கி வரும் காடி அண்ணன் என் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். "சார், கிளவுஸ்ல ஓட்டை எங்க விழுந்திருக்கு பாருங்க." உள்ளங்கையின் அடிச்சதையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சின்ன விரல் பக்கமாக, பத்து பைசா அளவுக்குத் தோல் தேய்ந்து கிழிந்திருந்தது. "கிளப் உள்ளங்கையில ஓடுது சார். அதான் அங்க தேயுது. விரல்ல புடிங்க." அதற்கு முந்தைய மூன்று கையுறைகளும் அதே இடத்தில்தான் கிழிந்தன. மட்டமான தோல் என்று நினைத்து நான் பிராண்டை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

கிளப்பின் பிடி உள்ளங்கைக்குக் குறுக்கே கிடந்தால் மணிக்கட்டு சரியாக மடங்காது. அடிக்கும் வேகத்தில் கைக்குள் கிளப் நழுவும், முகம் திறந்தபடியே பந்துக்கு வரும். செய்ய வேண்டிய மாற்றம் இவ்வளவுதான்: இடது கையில் பிடி விரல்களின் அடிப்பகுதியில் படிய வேண்டும், உள்ளங்கையின் அடிச்சதை அதன் மேல் உட்கார வேண்டும். குனிந்து பார்த்தால் மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். எனக்கு அதுவரை ஒன்றுதான் தெரிந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் கோடு வலது தோளைக் காட்ட வேண்டும். வலது கையின் கோடும் அதே பக்கம். இதற்கு ஸ்ட்ராங் கிரிப் என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டுப் பலர் கிளப்பை நெரிக்கிறார்கள். இறுக்கத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை, கைகள் வலது பக்கம் திரும்பியிருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் பந்து இடது பக்கம் போனது. பாதை பழைய பாதைதான், முகம் மட்டும் மூடியிருந்தது, வேறெப்படிப் போகும்? பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் ஒரு விஷயம் புரிந்தது. பந்து வலது பக்கம் ஓடிவிடுமே என்ற பயத்தில்தான் இத்தனை நாளும் உடம்பு கிளப்பை இடது பக்கம் இழுத்திருக்கிறது. பந்து வலது பக்கம் போகவில்லை என்றதும் இழுக்கக் காரணம் இல்லாமல் போனது. முழுவதும் மாறவில்லை, பாதி மாறியது. நான்கு மாதம் நேரடியாக முயன்று வராத பாதை, முகத்தைச் சரி செய்ததும் தானாக வர ஆரம்பித்தது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பாதையைப் பழக ரேஞ்ச் வேண்டும், பந்து வேண்டும், பக்கவாட்டிலிருந்து பார்க்க ஒருவர் வேண்டும். கைப்பேசியில் எடுக்கலாம்தான், ஆனால் வைக்கும் கோணம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பாதை வேறு மாதிரி தெரிந்து ஏமாற்றும். இரண்டு வாரம் வேலை, கல்யாணம், மழை என்று போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. கிரிப்புக்கு இதில் எதுவுமே வேண்டாம். வீட்டில் டி.வி. பக்கத்தில் ஒரு பழைய ஏழாம் நம்பர் அயர்ன் சாய்த்து வைத்திருக்கிறேன். செய்தி ஓடும்போது எடுத்துப் பிடித்து, முட்டிகளை எண்ணிவிட்டு வைத்துவிடுவேன். பிடி, விடு, மறுபடி பிடி. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். போன மழைக்காலத்தில் ஆறு வாரம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. திரும்பிப் போனபோது தூரம் குறைந்திருந்தது, ஸ்லைஸ் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. கிரிப்பைச் சரிபார்ப்பது பந்து அசையாமல் இருக்கும்போது. கண்ணால் பார்க்கலாம், தப்பென்றால் விலகி நின்று திரும்பப் பிடிக்கலாம். பாதை தப்பியது தெரியவரும் நேரத்தில் பந்து மரத்தடியில் கிடக்கும்.

கிரிப் பற்றித் தேடுகிறவர்கள் பழைய அமெரிக்க சாம்பியன் பென் ஹோகன் பக்கம் போய் நிற்பார்கள். 1957-ல் வந்த அவருடைய பாடங்களில் இடது கையின் கோடு வலது கண்ணைக் காட்டுகிறது. அவருடைய தொல்லை ஹூக், பந்து இடது பக்கம் சுருண்டு போவது. அதைத் தடுக்கக் கையை இடது பக்கம் திருப்பிக்கொண்டார். ஸ்லைஸ் உள்ளவர் அதை அப்படியே எடுத்தால் நோய் முற்றும். ஸ்ட்ராங் கிரிப் கற்றுக்குட்டிகளுக்கான ஊன்றுகோல் என்று யாராவது சொன்னால், அதே கிரிப்பில் 1993 பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்ற பால் அசிஞ்சரையும் 2001 பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற டேவிட் டுவாலையும் காட்டுங்கள்.

ஏற்கெனவே மூன்று முட்டி தெரிகிறது, இருந்தும் பந்து வலது பக்கம் வளைகிறது என்றால் பாதையைத்தான் பார்க்க வேண்டும். வாரம் மூன்று நாள் ரேஞ்சுக்குப் போக முடிகிற, பக்கத்தில் நல்ல பயிற்சியாளர் இருக்கிற இளைஞருக்கும் பாதையே நல்லது என்பேன். நீண்ட காலத்தில் தூரமும் அதில்தான் கூடும். ஸ்லைஸைக் குறைக்கவே வடிவமைத்த டிரைவர்கள் கடையில் கிடைக்கின்றன. கொஞ்சம் உதவும், காசுக்கேற்ற அளவுக்கு இல்லை.

என் அனுபவம் டிரைவர், அயர்ன் வரைக்கும்தான். குழி இருக்கும் கிரீனுக்குப் பக்கத்தில், பந்தைக் கொஞ்ச தூரம் தூக்கிப்போடும் சின்ன சிப் அடிக்கும்போது இந்தக் கிரிப்பில் பந்து இடது பக்கம் தாழ்வாக ஓடுகிறது. அங்கே மட்டும் இரண்டு முட்டிக்கு இறங்கி அடிக்கிறேன். அது சரியான வழியா என்பதை இன்னும் ஒரு வருடம் ஆடிவிட்டுத்தான் சொல்ல முடியும். இப்போதைய கையுறை ஐந்து மாதமாகக் கிழியாமல் இருக்கிறது.