‘அஸ்பயர்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அகராதிகளுக்கு ஒரு சோதனை

ஆங்கில அகராதி வாங்குகிறவர்கள் அட்டையில் எத்தனை ஆயிரம் சொற்கள் என்று போட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. பொருள் தெரிந்தும் எழுதும்போது காலை வாரிவிடும் ஒரு வினைச்சொல்லைத் தேடிப் பார்ப்பது. அதற்கு ‘அஸ்பயர்’ அருமையான சொல். உயர்ந்த ஒன்றை எட்ட வேண்டும் என்று மனத்தில் கொண்டிருப்பது என்ற பொருளில் யாருக்கும் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் அதற்கு அடுத்து என்ன வர வேண்டும் என்பதில்தான்.

முதலில் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள். ஆசைப்படு, அவாவு, விரும்பு என்ற வகையில் பொருள் தருவார்கள். பொருளில் பிழையில்லை. ஆனால் தமிழில் ‘விரும்பு’ இரண்டாம் வேற்றுமை கேட்கும்: பதவியை விரும்புகிறான். அதை மனத்தில் வைத்து எழுதினால் ‘ஹி அஸ்பயர்ஸ் த போஸ்ட்’ என்று வந்து நிற்கும். பிழை. ‘ஆசைப்படு’ நான்காம் வேற்றுமை கேட்கும்: பதவிக்கு ஆசைப்படுகிறான். அந்தக் ‘கு’வை ‘ஃபார்’ ஆக்கினால் ‘ஹி அஸ்பயர்ஸ் ஃபார் த போஸ்ட்’. நம்மிடையே மிகப் பரவலான பிழை இதுதான். பழியைத் தமிழ்மீது மட்டும் போட முடியாது. ஹோப், லாங், விஷ், யேர்ன் என்று ஆங்கிலத்தின் ஆசை வினைகள் பலவும் ‘ஃபார்’ எடுக்கின்றன. போதாக்குறைக்கு ‘அஸ்பிரேஷன்’ என்ற பெயர்ச்சொல்லும் எடுக்கிறது: ‘தேர் அஸ்பிரேஷன்ஸ் ஃபார் தேர் சில்ட்ரன்’ சரியான ஆங்கிலம். வினையாகும்போது மட்டும் ‘டு’. சரியான வாக்கியம், ‘ஹி அஸ்பயர்ஸ் டு த போஸ்ட்’. இருமொழி அகராதியில் இந்த ‘டு’வைக் காட்டும் எடுத்துக்காட்டு பெரும்பாலும் இருக்காது. படிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எழுதும்போது அதை நம்பக் கூடாது.

அடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காக எழுதப்பட்ட பேரகராதிகள். இவற்றின் சிறப்பு சொற்பிறப்பு. மூச்சுவிடுதலைக் குறிக்கும் ‘ஸ்பிராரே’ என்ற லத்தீன் வினைதான் அஸ்பயர், இன்ஸ்பயர், எக்ஸ்பயர், கான்ஸ்பயர் எல்லாவற்றுக்கும் வேர். சுவையான செய்திதான். ஆனால் வாக்கியம் எழுதுகிறவருக்கு இந்த உறவு உபகாரத்தைவிட உபத்திரவமே அதிகம். ‘ஐ ஆம் அஸ்பயர்ட் டு பி எ டாக்டர்’, ‘மை டீச்சர் அஸ்பயர்ட் மீ’ என்றெல்லாம் எழுதுவது இன்ஸ்பயரோடு இதை ஒட்டிப் பார்ப்பதால்தான். இன்ஸ்பயர் செயப்படுபொருள் குன்றாவினை. ஒருவர் இன்னொருவரை ஊக்குவிக்கலாம், ஊக்குவிக்கப்படவும் செய்யலாம். அஸ்பயர் செயப்படுபொருள் குன்றியவினை. ஒருவர் தனக்காகத்தான் ஆசைப்பட முடியும், இன்னொருவரை ஆசைப்படுத்த முடியாது. ஆகவே ஆளை எழுவாயாக வைத்து ‘ஆம் அஸ்பயர்ட்’ என்று எழுத வழியே இல்லை.

சோதனையில் தேறுவது, ஆங்கிலத்தை வேற்றுமொழியாகக் கற்கிறவர்களுக்காக எழுதப்படும் கற்போர் அகராதிகள். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் உருவாக்கி 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டதிலிருந்து தொடரும் மரபு இது. வினைக்குப் பின் என்ன அமைப்பு வரும் என்று காட்டுவதுதான் இவற்றின் உயிர். பழைய பதிப்புகளில் இது ‘வி.பி.’ (வெர்ப் பேட்டர்ன், வினை அமைப்பு) என்று தொடங்கும் எண் குறியீடுகளாக இருக்கும்; விளக்க அட்டவணையைப் புரட்டாமல் ஒன்றும் விளங்காது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் புதிய பதிப்பே வாங்குங்கள். அதில் குறியீட்டுப் புதிர் இல்லை. அஸ்பயருக்குக் கீழே ‘டு’வோடு பெயர்ச்சொல், ‘டு’வோடு வினை என இரண்டு அமைப்புகளையும் தனித்தனியே காட்டி, எடுத்துக்காட்டும் தருகிறது.

இந்த இரண்டு ‘டு’வும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிடும். ‘அஸ்பயர் டு கிரேட்னஸ்’ என்பதில் வருவது பிரிபொசிஷன். ‘அஸ்பயர் டு பிகம் எ ஜட்ஜ்’ என்பதில் வருவது வினையின் மூலவடிவத்தோடு ஒட்டிய ‘டு’. அதனால் ‘அஸ்பயர் டு பிகமிங்’ என்று எழுதாமல் இருப்பதே நல்லது. ‘லுக் ஃபார்வர்ட் டு’வுக்குப் பின் ‘இங்’ வருமே என்ற பழக்கத்தில் கை அங்கே போகும். அதேபோல் ‘ஐ அஸ்பயர் தட் ஐ வில் வின்’ என்று ‘தட்’ போட்டும் நீட்ட முடியாது. அந்த வேலைக்கு ஹோப் இருக்கிறது. கற்போர் அகராதியின் குறையும் இங்கேதான். எப்படி எழுத வேண்டும் என்று காட்டுகிறதே தவிர, ‘ஃபார்’ கூடாது, ‘தட்’ கூடாது என்று பெரும்பாலும் எச்சரிப்பதில்லை. காட்டாத அமைப்பு கூடாத அமைப்பு என்று நாமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

1987-இல் வந்த காலின்ஸ் கோபில்டும் கற்போர் அகராதிதான், ஆனால் அதன் பாணி வேறு. துண்டுச் சொற்களாக இல்லாமல், ‘நீங்கள் ஒன்றுக்கு அஸ்பயர் செய்தால்...’ என்ற மாதிரி முழு வாக்கியமாகவே விளக்கம் எழுதுவார்கள். விளக்கத்தைப் படிக்கும்போதே எழுவாய் யார், பின்னால் வருவது என்ன என்பது மனத்தில் பதிந்துவிடுகிறது. எடுத்துக்காட்டுகளும் உண்மையான பனுவல்களிலிருந்து எடுத்தவை. சில இடங்களில் நீளம் சலிப்புத் தட்டும். ஆனாலும் எழுதக் கற்கிறவருக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வோம்.

இணையத்தில் சும்மா தேடினால் ஏசர் அஸ்பயர் மடிக்கணினி குறுக்கே வரும். அதற்குப் பதிலாக கோக்கா என்ற அமெரிக்க ஆங்கிலத் தரவகத்துக்கு, அதாவது உண்மையான பேச்சையும் எழுத்தையும் திரட்டித் தேட வசதியாக வைத்திருக்கும் தளத்துக்குப் போங்கள். நூறு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். பதிவு செய்தால் இலவசம். ஒரு நாளில் இத்தனை தேடல் என்ற வரம்பு உண்டு. சொல்லை முழுவதும் பெரிய எழுத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு நட்சத்திரக்குறி போட்டால், அஸ்பயர்ஸ், அஸ்பயர்ட் உள்ளிட்ட எல்லா வடிவங்களுக்கும் அடுத்து எது எத்தனை முறை வருகிறது என்று பட்டியல் வரும். ‘டு’ எங்கோ உச்சியில் நிற்கும். ‘ஃபார்’ எங்கோ அடியில் கிடக்கும். அகராதி சொல்லாமல் விட்ட எச்சரிக்கையை இந்த எண்ணிக்கை சொல்லிவிடும்.

எழுத்துப்பிழை திருத்திகளை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். ‘அஸ்பிரேஷன்’ என்பதிலிருந்து வினையை ஊகித்து ‘அஸ்பிரேட்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது உணவோ திரவமோ மூச்சுக்குழாயில் போவதைக் குறிக்கும் மருத்துவச் சொல். அகராதியில் உள்ள சொல் என்பதால் சிவப்புக் கோடு விழாது. ‘ஐ அஸ்பிரேட் டு பி எ பைலட்’ என்ற விண்ணப்பக் கடிதம் ஒரு கோடும் இல்லாமல் போய்ச் சேரும்.

மின்பதிப்புகளில் உச்சரிப்பைக் கேட்கும் வசதி உண்டு, பயன்படுத்துங்கள். அழுத்தம் இரண்டாம் அசையில், ‘ஸ்பய’ என்ற இடத்தில். முதல் அசையை அழுத்திச் சொல்வதுதான் வழக்கமான தவறு. எஸ்ஸுக்குப் பின் வருவதால் இங்கே ‘பி’ மூச்சைத் தள்ளாமல் ஒலிக்கிறது. மூச்சிலிருந்து பிறந்த சொல்லில் மூச்சில்லாத எழுத்து! நம் பகரம் அதற்கு அப்படியே பொருந்தும், மாற்ற வேண்டியதில்லை.