லைட் போன பிறகுதான் எழுத்து தெரிந்தது

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "நீங்க வெச்சிருக்கிற அதே யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் இப்போ ஆயிரத்து நூறுக்குக் கிடைக்குது, வாங்கலாமா சார்?" நான் 2021இல் 1,850 ரூபாய் கொடுத்து வாங்கியது. வயிற்றெரிச்சலை ஓரமாக வைத்துவிட்டு எழுதப் பார்க்கிறேன்.

பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருப்பதை யாரும் நம்ப வேண்டாம், பழைய காசுகளைப் பார்க்க அது தேவையும் இல்லை. நான் பார்ப்பவை எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்த ரோம மாகாணக் காசுகள். அவற்றில் கடைசிக் காலத்து டெட்ராட்ராம் (நான்கு டிராக்மா காசு) நம் ஒரு ரூபாயைவிடச் சின்னது, ஆனால் கொழுக்கட்டை மாதிரி தடிமன். ஒரு பக்கம் பேரரசர் தலை, சுற்றிலும் கிரேக்கத்தில் பெயர். மறுபக்கம் ஒரு தெய்வமோ கழுகோ, பக்கத்தில் ஆட்சியாண்டு. படம் தெளிவாக வருகிறது, கணினியில் சேமிக்கவும் முடிகிறது. சரி, அதெல்லாம் நல்லதுதான்.

என் கோபம் முழுக்க அந்த எல்இடி வளையத்தின் மேல். முனையைச் சுற்றி எட்டு விளக்கு. எல்லாம் நேர் மேலிருந்து கொட்டும் வெளிச்சம். புதுக் காசானால் பரவாயில்லை. 1,700 வருஷம் தேய்ந்த காசில் எழுத்தின் மேடு மயிரிழைதான் மிஞ்சியிருக்கும். நிழல் விழுந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். இதிலோ மேடும் பள்ளமும் ஒரே வெள்ளை. போதாக்குறைக்கு பேரரசர் மூக்கில் எட்டுப் பொட்டு. குறைக்கச் சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள், அடிவரை திருகினாலும் கூசும்.

இதனால் என்ன கெட்டது என்று கேட்கலாம். ஆண்டைக் காட்ட 'எல்' வடிவத்தில் ஒரு குறி, அதையடுத்து எண். கிரேக்கத்தில் எழுத்தேதான் எண், நமக்கு க, உ, ங இருந்தது போல. ஆல்ஃபா ஒன்று, டெல்டா நான்கு. இரண்டுமே கூரை போட்ட வடிவம். ஆல்ஃபாவுக்குக் கோடு நடுவில், டெல்டாவுக்கு அடியில். பேரரசர் தியோக்ளீஷியன் காசு ஒன்றில் அடிக்கோடு எனக்குத் தெரியவே இல்லை. நடுவில் இருந்த ஒரு கீறலைக் கோடு என்று எடுத்துக்கொண்டு, முதல் ஆண்டு, 284–285 என்று உறையில் எழுதிவிட்டேன். அங்கே ஆண்டு பிறப்பது ஆகஸ்ட் 29. அவர் பதவிக்கு வந்தது நவம்பரில், ஆகவே முதல் ஆண்டு ஒன்பது மாதம்தான் என்று நண்பர்களிடம் விளக்கம் வேறு.

அப்புறம் போன வருஷம் வயர் கழுத்தில் விட்டுப்போனது. பக்கத்து மொபைல் ரிப்பேர் கடையில் பையன் பிரித்து, சால்டர் வைத்து, 150 ரூபாய் வாங்கினான். படம் வந்தது, லைட் வரவில்லை. திரும்பப் போய்ச் சண்டை போடுவதற்கு முன் ஒரு தடவை பார்க்கலாமே என்று மொபைல் டார்ச்சைக் காசின் ஓரத்தில் படுக்க வைத்தேன். எழுத்துகள் எழுந்து நின்றன! பொய்யில்லை. டெல்டாவின் அடிக்கோடு முழுசாகக் கிடந்தது. நான்காம் ஆண்டு, 287–288. டார்ச்சை இன்னொரு பக்கம் நகர்த்தியதும் அந்தக் கீறல் மறைந்துபோனது, கோடு மறையவில்லை.

அன்று ராத்திரி எல்லா உறையையும் வெளியே எடுத்தேன். பேரரசர் அந்தோனினஸ் பயஸ் காசு ஒன்று. நைல் நதித் தெய்வம் கையில் நாணலோடு சாய்ந்திருக்க, கீழே முதலை. மேலே அயோட்டா, ஸ்டிக்மா, அதாவது பத்தும் ஆறும். பதினாறாம் ஆட்சியாண்டு என்று குறித்து வைத்திருந்தேன். ஆனால் முன்னால் 'எல்' குறி இல்லை, நான் குறி என்று நினைத்தது அழுக்கு. அது ஆண்டே இல்லை, பதினாறு முழம்! வெள்ளம் அந்த அளவு ஏறினால் எகிப்தில் விளைச்சல் நிறைவு. நம் ஆடிப்பெருக்குக்குக் காசு அடித்தது போல. உண்மையான ஆண்டு ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. அதை இன்னும் படித்து முடிக்கவில்லை.

இவ்வளவு சந்தோஷம் கொடுத்த கருவியை வாங்கச் சொல்வேனா? மாட்டேன். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸும் மொபைல் டார்ச்சும் போதும். 1,100க்கு இறங்கிய கடுப்பும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். கேட்காமல் வாங்கினால் முதல் வேலையாக அந்த எட்டு விளக்கின் மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். மூன்று வருஷமாக எனக்கு இது தோன்றவில்லை.